காவலன் களைத்த வேளை

அரை நொடி! எவ்வளவு நேரம் அது? மேடையேறிய பேச்சாளன் தொண்டையைச் செருமிக் கொள்ளும் நேரம்கூட ஆகாது. போட்ட மாலையைக் கழற்றி மேசைமீது வைப்பதற்குள் ஐந்தாறு அரை நொடிகள் ஓடிவிடும். அத்தகைய அற்ப நேரத்தை, "இது எங்கே போகிறது? ஏன் போகிறது?" என்று கேட்ட ஒருவர் இருந்தார். அவர் கேட்டதனால்தான், 2024ஆம் ஆண்டிலே, உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளின் கொல்லைப்புறத்தில் பொருத்தப்படவிருந்த கள்ளக் கதவொன்று வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தக் கதையை இந்த ஞாயிறு உங்களிடம் சொல்ல எண்ணுகிறேன். கல்லூரியைப் பாதியிலே விட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடிவந்தவனுக்குக் கணிப்பொறியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பொறியைப் பற்றி நான் படித்தறிந்தது கொஞ்சம். ஆனால் பொறுப்பைச் சுமந்த ஒரு மனிதனின் கதை இது. சுமந்தவன் சோர்ந்தபோது சுற்றி நின்றோர் என்ன செய்தனர் என்ற கதை. அதைப் பேச எனக்கும் உரிமை உண்டு. கொடி கட்டியும், சுவரொட்டி ஒட்டியும், கூட்டம் முடிந்தபின் பாய் சுருட்டியும் பழகிய உங்களுக்கு அது விளங்காமலும் போகாது.

கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதிக்கு மென்பொருள் என்று பெயர். கடையிலே விற்கப்படும் மென்பொருளின் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாங்கியவன் காண முடியாது. திறந்த மூல மென்பொருள் என்பது வேறு வகை. எழுதியவன் தான் எழுதிய மூலநிரலை அப்படியே ஊரறிய வைத்துவிடுகிறான். எவரும் படிக்கலாம், எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். வங்கி எடுத்துக் கொள்கிறது, மருத்துவமனை எடுத்துக் கொள்கிறது, அரசு எடுத்துக் கொள்கிறது, கோடி கோடியாய் இலாபம் குவிக்கும் நிறுவனங்களும் கூச்சமின்றி எடுத்துக் கொள்கின்றன. நம் சென்னையிலே நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம்கூட, டெபியன் என்ற திறந்த மூலத் தொகுப்பின்மீது எழுப்பப்பட்டதே. ஆகவே, எங்கோ பனி நாட்டிலே நடந்த செய்தி என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம்.

எடுப்போர் கோடி. கொடுப்போர்? பல இடங்களில் ஒரே ஒருவர்! பகலெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. இரவிலே அமர்ந்து, முகம் தெரியாதோர் அனுப்பும் குறைகளைப் படித்து, பிழை களைந்து, பிறர் எழுதி அனுப்பும் திருத்தங்களை வரி வரியாகச் சோதித்து, தகுமெனில் சேர்த்து, புதிய பதிப்பை வெளியிடுகிறார். பராமரிப்பாளர் என்று அவருக்குப் பெயர். நம் ஊர்ப்புறத்து ஏரிகளிலே நீர்க்கட்டி என்றொருவர் உண்டே, அவரை நினைத்துக் கொள்ளுங்கள். ஏரி ஊருக்குச் சொந்தம். ஆனால் எந்த மடையை எப்போது திறப்பது, எந்தக் கரையிலே நண்டு வளை தோண்டியிருக்கிறது என்பதையெல்லாம் அறிந்தவர் அவர் ஒருவரே. அடைமழை இரவிலே ஊர் உறங்கும். அவர் கரைமேல் நடப்பார்.

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லாசி காலின் என்பவர் அப்படியொரு நீர்க்கட்டி. அவர் காத்து வந்தது எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் என்னும் கருவியை. பெரிய கோப்பைச் சிறிதாகச் சுருக்குவதும், சுருக்கியதை மீண்டும் விரிப்பதும் அதன் தொழில். கேட்பதற்கு எளிய வேலைதான். எனினும் லினக்ஸ் இயங்கும் கணிப்பொறிகளிலே ஏறத்தாழ எங்கும் அது இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனைப் பேணியவர் அவர். ஊதியம் இல்லை, விருது இல்லை, விழா இல்லை.

மனிதர்தானே, தோழரே! களைத்தார். மறைக்கவும் இல்லை அவர். 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நீண்டநாள் மனநலத் துன்பத்தால் முன்போல் உழைக்க இயலவில்லை என்பதையும், இது ஊதியமற்ற விருப்பப்பணி என்பதை நினைவில் கொள்வது நலம் என்பதையும் பொதுவிலேயே எழுதினார். அந்த வரிகளைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. இரக்கத்தை அவர் கேட்கவில்லை. கணக்கைத்தான் சொன்னார்.

அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை நான் நாடகமாக எழுதினால் காட்சியை இப்படித்தான் அமைப்பேன். உரையாடல் என் கற்பனை, நிகழ்ச்சி உண்மை.

மேடையிலே ஒரு மேசை. ஒரே விளக்கு. தலைகுனிந்து ஒருவர் அமர்ந்திருக்கிறார். இடப்புற இருளிலிருந்து ஒரு குரல்: "திருத்தம் அனுப்பி எத்தனை வாரம் ஆயிற்று! இன்னும் ஏன் சேர்க்கவில்லை?" வலப்புறத்திலிருந்து மற்றொரு குரல்: "உம்மால் முடியாதென்றால் முடிந்தவனிடம் கொடுத்துவிடும்!" மீண்டும் முதற்குரல்: "ஊர் காத்துக் கிடக்கிறது, உமக்கு உறக்கமா?" அமர்ந்திருப்பவர் பதில் சொல்ல வாயெடுக்கிறார், சொல் வரவில்லை. அப்போது பின்புறக் கதவு மெல்லத் திறக்கிறது. பணிவே உருவான ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். "ஐயா, தாங்கள் மிகவும் களைத்திருக்கிறீர்கள். சற்று நேரம் நான் பார்த்துக் கொள்ளட்டுமா?"

எந்த அவை அந்த இளைஞனை வெறுக்கும்? கொட்டகையே அதிரக் கைதட்டுவார்கள்!

ஜியா டான் என்பது அவன் பூண்ட பெயர். அவனா, அவளா, ஒருவரா, ஒரு கூட்டமா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. எழுதும் வசதிக்காக 'அவன்' என்கிறேன். 2021 அக்டோபரில் முதல் திருத்தத்தை அனுப்பினான். அதிலே குற்றமில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை! நல்ல தொண்டன் எப்படி உழைப்பானோ அப்படியே உழைத்தான். 2022 ஏப்ரல் முதல், ஜிகர் குமார் என்றும் டென்னிஸ் என்ஸ் என்றும் பெயர் பூண்டோர் காலினை நெருக்கத் தொடங்கினர். 'வேகம் போதவில்லை, வேறொருவரை அமர்த்தும்' என்பதே அவர்தம் பல்லவி. அப்பெயர்களுக்கு வேறெங்கும் வாழ்வு காணோம். உதவ வந்த கையும் உதைத்த காலும் ஓருடலைச் சேர்ந்தவையே என்று ஆராய்ந்தோர் பலர் ஐயுறுகின்றனர். பொறுப்பு சிறிது சிறிதாகக் கைமாறியது. 2023இல் புதிய பதிப்பை வெளியிடும் உரிமையே ஜியா டானிடம் வந்துவிட்டது. அந்த மென்பொருளை ஓயாது சோதிக்கும் கூகுளின் சோதனைத் திட்டத்திலும், தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்திலே அவன் முகவரி ஏறியது. ஏரிக்கரையிலே விரிசல் என்று எவரேனும் கூவினால், அந்தக் கூவல் முதலில் எட்டுவது கரையை வெட்ட வந்தவன் காதிலே!

2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 என்ற பதிப்பு வெளிவந்தது. மார்ச் 9 அன்று 5.6.1. நஞ்சு இருந்தது அவற்றிலேதான்.

எங்கே ஒளித்தான் என்பதைக் கேளுங்கள். அவன் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. சுருக்கும் கருவியைச் சோதிப்பதற்கென்று, வேண்டுமென்றே பழுதாக்கப்பட்ட கோப்புகளைச் சேர்த்து வைப்பது வழக்கம். பழுதானதைக் கண்டு கருவி தடுமாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. பழுதாகவே இருக்க வேண்டிய கோப்பை எவன் பிரித்துப் படிப்பான்? அதனுள்ளே வைத்தான் நஞ்சை. அதை எடுத்து உள்ளே செலுத்தும் வரியையோ, அனைவரும் காணும் மூலநிரல் தொகுப்பிலே எழுதவில்லை. பதிப்பாகக் கட்டி வெளியிடும் பொதியிலே மட்டும் செருகினான். ஊரார் பார்வைக்கு வைத்த ஓலை ஒன்று. முத்திரையிட்டு அனுப்பிய ஓலை வேறொன்று.

அந்த நஞ்சு குறிவைத்தது எதை? தொலைவிலிருந்து ஒரு கணிப்பொறிக்குள் நுழைவோரைத் தடுத்து, யாரென்று கேட்டு, உள்ளே விடும் வாயிற்காப்போனை. எஸ்.எஸ்.எச். என்பது அவ்வாயிலின் பெயர். சுருக்கும் கருவிக்கும் வாயிற்காப்போனுக்கும் நேரடி உறவு கிடையாது. ஆனால் லினக்ஸ் தொகுப்பாளர் சிலர் தம் வசதிக்காக இடையிலே மற்றொரு நிரலை இணைத்திருந்தனர். அந்த நிரல் சுருக்கும் கருவியை உடன் அழைத்து வந்தது. சம்பந்தியின் சம்பந்தி என்று சொல்லிக் கொண்டு கலியாண வீட்டுக்குள் நுழைகிறானே, அதுபோல! நுழைந்தபின், இரகசியத் திறவுகோல் ஒன்றை உடையவன் எவனோ, அவன் மட்டும் கடவுச்சொல் இன்றியே அந்தக் கணிப்பொறியை ஆட்டிவைக்கலாம். பாதுகாப்புக் குறைகளுக்கு இடர் மதிப்பெண் இடுவோர் இதற்குப் பத்துக்குப் பத்து இட்டனர்.

இங்கேதான் அரை நொடி வருகிறது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் என்னும் திறந்த மூலத் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவர். வேறேதோ வேக அளவீட்டில் ஈடுபட்டிருந்தார். அவருடைய சோதனைக் கணிப்பொறியிலே, வாயில் திறக்க வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாயிற்று. நாமாக இருந்தால் தேநீரை ஒரு மிடறு கூடக் குடித்திருப்போம். அவர் தோண்டினார். தோண்டத் தோண்ட, வாயிற்காப்போனைக் கடந்து, இடைநிரலைக் கடந்து, சுருக்கும் கருவியிலே வந்து நின்றார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அதற்குள் நஞ்சு டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளையும், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றையும் எட்டிவிட்டது. பெருவாரியான மக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளை எட்டவில்லை. இன்னும் சில திங்கள் சென்றிருந்தால்? எண்ணவே உடல் நடுங்குகிறது. ஃபிராய்ண்டுக்கு அப்போது ஊதியம் கொடுத்துவந்தது மைக்ரோசாஃப்ட், மென்பொருளைப் பூட்டி விற்றே வளர்ந்த நிறுவனம். காலத்தின் குறும்பைப் பாருங்கள்!

"பார்த்தீர்களா, திறந்து வைத்தால் திருடன் வருவான், பூட்டி விற்பதே பாதுகாப்பு" என்று இதைக் காட்டிச் சிலர் கூறுகின்றனர். தவறு. மூலநிரல் திறந்திருந்ததனால்தான், எந்த நிறுவனத்தின் வாயிலிலும் காத்து நிற்காமல், ஃபிராய்ண்ட் தாமே தோண்டிப் பார்த்தார். ஆனால், "ஆயிரம் கண்கள் பார்க்கின்றன, ஆகவே அச்சமில்லை" என்று மறுபக்கத்தார் மார்தட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஆயிரம் கண்கள் எங்கே இருந்தன? ஒரு சோடிக் கண்கள் காத்தன, அவை களைத்தன, வேறொரு சோடிக் கண்கள், தற்செயலாக, அரை நொடியைக் கண்டன. இதற்குப் பாதுகாப்பு என்றா பெயர்?

என் குற்றச்சாட்டு யார்மீது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கள்வனை விடுங்கள், கள்வன் தன் தொழிலைச் செய்தான். குறைகூறிய அந்தக் குரல்கள் போலி என்று காலின் ஏன் ஐயுறவில்லை? உண்மைக் குரல்களும் அதே தொனியிலே ஒலித்துப் பழகிவிட்டதனால்! காசு கொடுக்காமல் எடுத்துக் கொண்டு, நன்றி சொல்லாமல் பயன்படுத்தி, ஒரு நாள் தாமதமானால் மட்டும் ஓடிவந்து உறுமுவது அன்றாட வழக்கமாகிவிட்ட இடத்திலே, கூலிக்கு உறுமுகிறவன் ஒருவன் வந்து நின்றால் எப்படி இனங்காண்பது? கள்வனுக்கு வேடம் தைத்துக் கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள். நம்மைப் போன்றவர்கள்.

நம்மைப் போன்றவர்கள் என்று ஏன் சொல்கிறேன்? என் ஊர்ப் படிப்பகத்தை நினைத்துத்தான். காலை ஐந்தரைக்கு ஒருவர் கதவைத் திறப்பார், கூட்டுவார், தாள்களை மடிப்புக் கலையாமல் மேசையில் அடுக்குவார். தையல் தொழிலாளி. பத்தாண்டுக்கு மேல் அந்தப் பணியைச் செய்தவர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நாக்கு மட்டும் நாற்பது வயது. ஏடு வரத் தாமதமானால் அவரைக் கடிந்து கொள்வேன். விளக்கு எரியவில்லை என்றால் ஏளனம் செய்வேன். ஒரு முறையேனும் துடைப்பத்தை நான் வாங்கியதில்லை. ஒருநாள் அவர் சாவியை மேசைமீது வைத்துவிட்டு, "இனி முடியாது தம்பி, கண் தெரியவில்லை" என்றார். சாவியை எடுக்க எங்களில் எவனும் கை நீட்டவில்லை. வாய்ச்சொல்லில் தேன் தடவிய ஒரு வட்டிக்கடைக்காரர் நீட்டினார். "நான் பார்த்துக் கொள்கிறேன்" என்றார். மகிழ்ந்தோம்! ஓராண்டு சென்றது. முன்னறையிலே தாள்கள் இருந்தன. பின்னறையிலே அடகு நகைப் பெட்டகம் இருந்தது. அப்போதும் நான் நெடுநேரம் பேசினேன். பேசத்தான் தெரிந்திருந்தது எனக்கு.

எக்ஸ்-இசட் ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2018இல் ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறு நிரலை எழுதிய டொமினிக் டார் என்பவர், தமக்கு அதனால் பயனும் இல்லை, தாம் அதைப் பயன்படுத்துவதும் இல்லை என்ற நிலையில், கேட்டு வந்த அயலாரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வாரந்தோறும் இலட்சக்கணக்கில் இறக்கிக் கொள்ளப்பட்ட நிரல் அது. வாங்கியவன் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை அதனுள் புகுத்தினான். செய்தி வெளிப்பட்டவுடன் டார்மீது பாய்ந்தனர் பலர். அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தபோது அந்தக் கூட்டம் எங்கே இருந்தது?

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெரும்பிழை வெளிப்பட்டது. இணையத்தில் பணமும் கடவுச்சொல்லும் பாதுகாப்பாய்ச் செல்லக் காவல் நிற்கும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளிலே வந்த பிழை. அப்போதுதான் உலகம் விசாரித்தது, அதைக் காப்பவர் எத்தனை பேர் என்று. முழு நேரமாக உழைத்தவர் ஒருவர்! ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்! உலக வாணிகமே சாய்ந்து நின்ற தூணுக்கு ஊட்டிய சோறு அவ்வளவுதான். பிழை வெளிப்பட்ட பிறகு பெருநிறுவனங்கள் கூடி நிதி திரட்டின. நல்லது. ஆனால் உடைந்த பிறகே கரையைப் பார்ப்பது என்று எவன் விதித்தான்?

சாவு வந்து பிரித்த இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிராம் மூலனார் என்ற டச்சு நாட்டவர், விம் என்னும் உரைதிருத்தியை 1991 முதல் உலகுக்கு அளித்தவர். காசு கேட்டதில்லை, விரும்புவோர் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் வேண்டியவர். 2023 ஆகஸ்ட் 3 அன்று, 62ஆம் வயதில் மறைந்தார். ஏரி வற்றியதா? இல்லை. நெடுநாளாக உடனுழைத்த கிறிஸ்டியன் பிராபண்ட் முதலானோர் தோள் கொடுத்தனர். 2024 சனவரி 2 அன்று 9.1 என்ற பதிப்பு வெளிவந்தது. மறைந்தவருக்கே அதனைக் காணிக்கையாக்கினர். எக்ஸ்-இசட்டில் உயிரோடிருந்த காவலரின் பொறுப்பு கள்வனிடம் சென்றது. விம்மில் காவலரே மறைந்தும் பொறுப்பு நல்லவர்களிடம் நின்றது. காவலர் நலமாயிருந்த நாளிலேயே பக்கத்தில் நின்று, ஆண்டுக்கணக்கில் முகமறியப் பழகி, வேலையைப் பங்கிட்டுக் கொண்டவர்கள் அங்கே இருந்தனர். மூலநிரலை எவரும் ஒரே நொடியில் படியெடுத்துக் கொள்ளலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது. படியெடுக்க முடியாதது அந்தப் பழக்கம்.

எனவே, வெறும் பணத்தால் இது தீரும் என்று நான் சொல்லவில்லை. களைத்த மனிதன் கையிலே காசோலையைத் திணித்தால் களைப்பு தீருமா? ஆனால் பணமே வேண்டாம், அன்பிருந்தால் போதும் என்று சொல்லும் பெருமுதலாளியின் பேச்சையும் நம்பாதீர்கள். நம் முன்னோரின் குடிமராமத்திலே ஒரு நேர்மை இருந்தது: எவ்வளவு நிலம் ஏரிநீரால் பாய்கிறதோ, அவ்வளவுக்கு ஆளும் மண்வெட்டியும் அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கின்படி, உலகின் பெரும் கணிப்பொறி நிறுவனங்கள் எத்தனை மண்வெட்டி அனுப்பியிருக்க வேண்டும்? ஆளை அனுப்பட்டும், காவலரின் பக்கத்திலே அமர்த்தட்டும், ஊதியத்தை அவர்களே கொடுக்கட்டும். அரசுகளுக்கும் கடமை உண்டு. ஜெர்மனி 2022இல் சாவரின் டெக் ஃபண்ட் என்ற அமைப்பை அரசுப் பணத்திலே தொடங்கி, இத்தகைய அடித்தள மென்பொருளைக் காப்போருக்கு நிதி அளிக்க முன்வந்தது. சாலைக்கும் பாலத்திற்கும் செலவிடுவதுபோல் இதற்கும் செலவிட வேண்டும் என்று ஓர் அரசு ஏற்றுக் கொண்டதே, அது சிறிய செய்தியன்று. திறந்த மூலத்தின்மேல் தன் அலுவலகங்களை நடத்தும் எந்த அரசையும் நாம் கேட்கலாம்: எடுத்துக் கொண்டீர்கள், சரி, எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள்? சட்டமன்றத்திலே கேட்கத்தக்க கேள்வி இது. கேட்பதற்குக் கணிப்பொறிப் பட்டம் வேண்டியதில்லை.

லாசி காலின் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். செய்தி வெடித்த நாளில் அவர் ஓய்விலே இருந்தார். திரும்பி வந்தார். உலகம் முழுதும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருந்தது. சிலர் ஏசினர், பலர் இரங்கினர். அவர் எவரோடும் வழக்காடவில்லை. ஜியா டான் சேர்த்த திருத்தங்களைத் திரும்பவும் ஆராய்ந்தார், நஞ்சை அகற்றினார். 2024 மே 29 அன்று 5.6.2 என்ற பதிப்பு வெளிவந்தது. வெளியிட்டவர் அதே பின்லாந்துக்காரர்.